முதுகில் தைத்த உயிர்ச்சீட்டு

சிம்போசியம் டி-சர்ட் ஆகட்டும், டிபார்ட்மென்ட் ஜாக்கெட் ஆகட்டும், முதுகில் பெரிதாக எதையாவது போட்டுக்கொண்டு திரிவது நம் கல்லூரிக்காரர்களுக்குப் புதிதல்ல. நாம் போட்டது பெருமைக்கு. ஆனால் உயிர் பிழைப்பதற்காகவே முதுகில் துணி தைத்துக்கொண்டவர்களும் உண்டு. அவர்கள் கதையை நம் மாணவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜப்பான் 1937-ல் சீனாவின் மீது முழுப் போர் தொடுத்தது. சீனாவுக்கு உதவ, கிளேர் செனால்ட் என்ற அமெரிக்கரின் தலைமையில் ஒரு தொண்டர் விமானப் படை உருவானது. ‘பறக்கும் புலிகள்’ என்று பெயர் பெற்ற இவர்கள், 20-12-1941 அன்று குன்மிங் பகுதியில் முதல் சண்டை போட்டார்கள்.

விமானம் அடிபட்டால் பாராசூட்டில் குதிக்கலாம், சரி. குதித்த பிறகு? வானத்திலிருந்து விழுந்த வெள்ளைக்காரன் நண்பனா எதிரியா என்று கிராமத்து விவசாயிக்கு எப்படித் தெரியும்? இவனுக்குச் சீன மொழி தெரியாது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அதற்குத்தான் ‘பிளட் சிட்’ என்ற பட்டுத் துணி. மேலே சீனக் கொடி. கீழே, போரில் உதவ வந்த இந்த அந்நியரைப் படைவீரரும் பொதுமக்களும் காப்பாற்ற வேண்டும் என்ற பொருளில் சீன எழுத்துகள். கூடவே அரசு முத்திரை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் கொடியே பேசிவிடும்.

இதைத் தோல் ஜாக்கெட்டில் தைப்பது லேசுப்பட்ட வேலை இல்லைங்க. சாதாரணத் துணியில் ஊசியை எடுத்தால் இழைகள் மறுபடி கூடிவிடும். தோலில் விழுந்த துளை விழுந்ததுதான். தையலை நெருக்கிப் போட்டால், தபால்தலை ஓரத்துத் துளைகள் மாதிரி அந்த வரிசையிலேயே கிழிந்துவிடும். அதனால் இடைவெளி விட்டுத்தான் தைக்க வேண்டும். 1931-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட ஏ-2 ஜாக்கெட்டின் முதுகு, நடுவில் மூட்டு இல்லாத ஒரே தோல். பெரிய ஒட்டுக்கு வசதியான இடம்.

ஆனால் முதுகில் பளிச்சென்று தெரியும் கொடி நண்பனுக்கு மட்டுமா தெரியும்? ஜப்பான் வீரனுக்கும்தான் தெரியும். இதனால் பிற்பாடு பலர் அதை ஜாக்கெட்டின் உட்புறம், லைனிங்கில் தைத்துக்கொண்டார்கள். ஆளைப் பார்த்துவிட்டுத் திறந்து காட்டலாமே!

விமானிக்கு இப்படி ஒளித்துக்கொள்ள வழி இருந்தது. அடைக்கலம் கொடுத்தவர்களுக்கு? 18-4-1942 அன்று டூலிட்டில் தலைமையில் 16 அமெரிக்க விமானங்கள் ஜப்பானைக் குண்டுவீசித் தாக்கின. அவற்றில் 15 சீனப் பக்கம் வந்து சேர்ந்தன. அந்த விமானிகளில் பெரும்பாலோரைச் சீன மக்கள்தான் காப்பாற்றினார்கள். அதற்குப் பழிவாங்க ஜப்பானியப் படை செஜியாங், ஜியாங்சி மாகாணங்களுக்குள் புகுந்து, ஊர்களை எரித்துப் பொதுமக்களைக் கொன்று குவித்தது.

பறக்கும் புலிகள் படை 4-7-1942 அன்று கலைக்கப்பட்டது. அவர்கள் ஜாக்கெட்டுகளை இன்று அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். போட்டிருந்தவரின் பெயரைக்கூடப் பல சமயம் கண்டுபிடித்துவிடலாம். அந்தக் கொடியைப் பார்த்துக் கதவைத் திறந்துவிட்ட விவசாயியின் பெயர்தான் பெரும்பாலும் எங்கும் இல்லை.