டப்பாவுக்குள் வந்த தண்ணீர்

அமெரிக்காவில் விற்கும் எமல்ஷன் பெயிண்ட் டப்பாவையோ வெள்ளைப் பசைப் புட்டியையோ திருப்பிப் பார்த்தால், பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கும்: உறைய விடாதீர்கள். தமிழ்நாட்டில் வளர்ந்தவனுக்கு இது வேடிக்கையான வரி. பெயிண்ட் எங்கே உறையப் போகிறது? மின்னசோட்டாவுக்குக் குடிவந்து முதல் குளிர்காலத்தைப் பார்த்த பிறகுதான் அது வேடிக்கை இல்லை என்று விளங்கியது. இங்கே ஜனவரி இரவுகளில் மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும். ஆனால் மரவேலை செய்பவர்கள் பலரின் பட்டறை, வீட்டை விட்டுத் தள்ளி நிற்கும் ஒரு கொட்டகை. அதற்கு ஹீட்டர் கிடையாது. ஒரு டப்பா பெயிண்டைக் காப்பாற்றக் கட்டடம் முழுவதையும் ஐந்து மாதம் சூடாக்க யாருக்குக் கட்டுப்படியாகும்?

எனக்கு வந்த கேள்வி இதுதான்: இருநூறு வருடங்களுக்கு முன் இதே குளிரில், மின்சாரமே இல்லாமல், தச்சர்கள் தங்கள் சாமான்களை எப்படி உறையாமல் காத்தார்கள்? ஏதோ சாமர்த்தியமான உத்தி இருந்திருக்கும் என்று நினைத்துத்தான் தேட ஆரம்பித்தேன். கிடைத்த பதில் வேறு. அவர்கள் பெரும்பாலும் எதையும் காக்கவில்லை. அவர்கள் அலமாரியில் உறைவதற்கு ஒன்றுமே இல்லை.

அந்த அலமாரியைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

முதலில் பசை. நம் ஊர் ஆசாரிமார் வஜ்ஜிரம் என்று சொல்வார்களே, விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது, அதே சரக்குதான் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நூற்றாண்டுக்கணக்கில் மரத்தை ஒட்டியது. அது கடையிலிருந்து வரும்போது கண்ணாடிச் சில்லு மாதிரிக் காய்ந்த தகடாக வரும். தேவையானதை மட்டும் முந்தின இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் இரட்டைச் சுவர்ப் பாத்திரத்தில், அடியில் வெந்நீர் இருக்க, கொதிக்கவிடாமல் இளக்க வேண்டும். 60 டிகிரி போதும். மிச்சத் தகடுகள் ஆணியில் தொங்கும் பையில் கிடக்கும். மைனஸ் 30 ஆனாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. உள்ளே தண்ணீர் இருந்தால்தானே?

இன்னும் சொல்லப்போனால், குளிர் இந்தத் தொழிலுக்கு வேண்டியவன். 1400-ஐ ஒட்டி இத்தாலியில் ஓவியக்கலைக் கைப்புத்தகம் எழுதிய சென்னினோ சென்னினி, ஆட்டுத்தோல் துண்டுகளில் எடுக்கும் பசையை ஜனவரியிலோ மார்ச்சிலோ, கடுங்குளிரும் காற்றும் உள்ள நாட்களில்தான் காய்ச்ச வேண்டும் என்கிறார். இரவெல்லாம் தட்டில் உறையவைத்து, காலையில் ரொட்டி மாதிரி வில்லை வில்லையாக வெட்டி, வெயில் படாமல் காற்றில் உலர்த்தச் சொல்கிறார். வெயில் காலத்தில் இந்த வேலையைச் செய்தால் பசை காய்வதற்கு முன் அழுகிவிடும். யோசித்தால், தண்ணீரை வெளியேற்றியதற்கு முதல் காரணம் உறைவதுகூட இல்லை, அழுகுவது. ஒரே மருந்து இரண்டு நோய்க்கும் கேட்டது.

பாலாடைக்கட்டியோடு சுண்ணாம்பு சேர்த்துச் செய்யும் பசை ஒன்றும் உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் தியோஃபிலஸ் என்ற பெயரில் எழுதிய துறவி அதற்குச் செய்முறை தந்திருக்கிறார். அதன் நவீன வாரிசான கேசீன் பசைதான் முதல் உலகப்போரின் மர விமானங்களைச் சேர்த்துப் பிடித்தது. அதுவும் பொடியாகத்தான் மூட்டையில் வந்தது. வேலை நாளன்று தண்ணீர் ஊற்றிக் குழைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பெயிண்ட்? ஒன்று, பொடியும் சுண்ணாம்பும். இல்லாவிட்டால் எண்ணெய். ஆளிவிதை எண்ணெய் மைனஸ் 20-ஐ நெருங்கும்வரை கட்டியாகாது. ஆனாலும் பாதகமில்லை, இளகினால் பழையபடி எண்ணெய்தான். டர்பன்டைன் அதைவிடக் கெட்டிக்காரன். மெருகுக்கு அரக்கு, பெரும்பாலும் இந்தியக் காடுகளிலிருந்து கப்பலேறிப் போன அரக்குச் செதில்கள். அதைச் சாராயத்தில் கரைப்பார்கள். சுத்தமான சாராயம் உறைய மைனஸ் 114 வேண்டும். எழுதும் மைகூடக் காலனிக்கால அமெரிக்காவுக்குப் பொடியாகப் போனது. குளிர்காலத்தில் மைக்கூடு உறையாமலிருக்க அதில் கொஞ்சம் பிராந்தி விடுவதும் உண்டு. (கூட்டில் எவ்வளவு, எழுதுபவர் வாயில் எவ்வளவு என்பது வேறு கணக்கு.)

தண்ணீர் ஆற்றில் இருந்தது, கிணற்றில் இருந்தது. அதை யாரும் டப்பாவில் அடைத்து விற்கவில்லை. எங்கள் தொழிலில் மூல நிரலை மட்டும் அனுப்பிவிட்டு, போய்ச்சேர்ந்த இடத்திலேயே கம்பைல் செய்துகொள்ளச் சொல்வார்கள். கிட்டத்தட்ட அந்த ஏற்பாடு. நம் தலைமுறைக்கு இது அவ்வளவு அந்நியமும் இல்லை: சுவருக்கு அடித்த ஸ்நோசெம் பொடியாகத்தான் வீட்டுக்கு வந்தது, பொங்கலுக்கு முன் வாளியில் கரைத்தோம். உறையவே உறையாத ஊரில், பெயரில் மட்டும் பனி.

அப்படியானால் தண்ணீரை டப்பாவுக்குள் யார் கொண்டுவந்தது?

இந்த இடத்தில் கதை, நான் எதிர்பார்க்காத விதமாக, மலேயாவுக்குப் போகிறது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. மலேயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் கைமாறியபோது, அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் ஏறக்குறைய 90 சதவீதம் நின்றுபோனது. மலேயாத் தோட்டங்களில் அந்தப் பாலை வெட்டியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். ரப்பருக்குப் போக்கிடம் இல்லாமல் தோட்டங்கள் முடங்க, அவர்களில் பல்லாயிரம் பேர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள், ஏராளமானவர்கள் திரும்பவில்லை. அந்தக் கதை தமிழில் எழுதப்பட்டிருக்கிறது, இன்னும் எழுதப்பட வேண்டும். அதே நிகழ்வின் மறுமுனையை நாம் கவனிப்பது குறைவு. ரப்பர் மரம் இல்லாத அமெரிக்கா, ரப்பர் பாலை ஆலையில் செய்ய இறங்கியது. ஸ்டைரீன், பூட்டாடயீன் என்ற இரண்டு பொருட்களைச் சோப்புத் தண்ணீரில் சிறு துளிகளாகக் கலக்கி, அந்தத் துளிகளுக்குள்ளேயே நீண்ட சங்கிலிகளாகக் கோர்த்தார்கள். வெளியே வந்தது வெள்ளை வெளேரென்ற பால். போர் முடிவதற்குள் ஆண்டுக்கு லட்சக்கணக்கான டன் செயற்கை ரப்பர் செய்யும் ஆலைகள் நின்றன.

போர் முடிந்தது. இந்தப் பாலை வைத்து வேறென்ன செய்யலாம்? 1948-ல் க்ளீவ்லாந்தைச் சேர்ந்த கிளிட்டன் நிறுவனம் ஸ்ப்ரெட் சாட்டின் என்ற சுவர் பெயிண்டைக் கொண்டுவந்தது. டர்பன்டைன் நாற்றம் இல்லை, சீக்கிரம் காயும், பிரஷ்ஷைக் குழாயடியில் கழுவிக்கொள்ளலாம். இல்லத்தரசிகள் கைப்பற்றிக்கொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். மரத்தின் பால் ஒரு சொட்டும் இல்லாவிட்டாலும் இன்றுவரை அமெரிக்கர்கள் அதை லேடெக்ஸ் பெயிண்ட் என்றே அழைக்கிறார்கள். பசையிலும் இதே மாற்றம் ஏறக்குறைய அதே வருடங்களில் நடந்தது. இந்தியாவில் 1959-ல் ஃபெவிகால் வந்து வஜ்ஜிரச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கியது. அதுவும் தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் துளிகள்தான்.

அந்த டப்பா உறைந்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். தண்ணீர் பனிப் படிகமாகும்போது தன்னுள் வேறு எதையும் சேர்த்துக்கொள்ளாது. துளிகளை ஓரங்கட்டித் தள்ளும். படிகம் வளர வளர, துளிகள் மிச்சமிருக்கும் சந்துகளில் நெருக்கியடிக்கப்படும். ஒவ்வொரு துளியையும் போர்த்தியிருக்கும் சோப்புப் படலம் அந்த நெருக்கத்தில் கிழியும். மெத்தென்ற துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டுவதற்காகவே செய்த சரக்கு அல்லவா, சுவரில் செய்ய வேண்டிய வேலையை டப்பாவுக்குள்ளேயே செய்துவிடுகிறது. இளகிய பிறகு திறந்தால் திரிந்த பால். பனீர் எடுக்கலாம், சுவருக்கு அடிக்க முடியாது. எண்ணெய் உறைந்து இளகுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான், இங்கே திரும்பும் வழி இல்லை. இதைத் தடுக்க உற்பத்தியாளர்கள் கிளைக்கால் வகைத் திரவங்களைச் சேர்த்தார்கள், கார் ரேடியேட்டரில் ஊற்றுவதன் உறவுக்காரன். காற்றில் ஆவியாகும் பொருட்களைக் குறைக்கச் சட்டங்கள் இறுகிய பிறகு அந்தக் கிளைக்காலும் குறைந்தது. சுவாசிக்க நல்லது. கொட்டகைக்கு நல்லதில்லை.

சரி, கொட்டகைக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர் இருக்கிறார். அவர் பட்டறை மூலையில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ். கம்ப்ரசர் செத்து வருடங்கள் ஆகின்றன. திறந்து காட்டினார். தட்டுகளில் பெயிண்ட், பசை, சிலிக்கான் குழாய்கள், அடியில் ஒரு குண்டு பல்பு. “ஃப்ரிட்ஜ்தான், ஆனா இப்ப தலைகீழா வேலை பாக்குது” என்றார். சூட்டை உள்ளே விடாமலிருக்கச் செய்த சுவர்கள் இப்போது சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கின்றன. குளிர் 2 டிகிரியைத் தொட்டால் தானாகப் போட்டு, கொஞ்சம் ஏறியதும் அணைக்கும் ஒரு சிறிய தெர்மோஸ்டாட் பிளக்கும் உண்டு. வட அமெரிக்காவில் எத்தனையோ கொட்டகைகளில் இந்த ஏற்பாட்டைப் பார்க்கலாம். என் தோராயக் கணக்கில், வெளியே மைனஸ் 25 இருக்கும்போது அந்தப் பெட்டி 40, 50 வாட் இழக்கும். 60 வாட் பல்பு கச்சிதமாகப் பொருந்துகிறது. எடிசன் வழிப் பல்பு வெளிச்சத்துக்கு மோசமான கருவி, தின்னும் மின்சாரத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் சூடாகவே போகிறது. அந்தக் குறைதான் இங்கே குணம். இப்போது அந்தப் பல்புகள் கடையிலிருந்து மறைந்துவிட்டன. எல்இடி பல்பு போட்டால் பெயிண்ட் டப்பாக்கள் பிரகாசமான வெளிச்சத்தில் உறையும். பெரியவர் ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பழைய பல்பு சேர்த்துவைத்திருக்கிறார்.

பல்புக்கு மின்சாரம் வேண்டும். பனிப்புயலில் முதலில் போவது அதுதான். இதற்கு மட்டும் பழைய காலத்தில் ஓர் அருமையான விடை இருந்தது, பட்டறையில் இல்லை, உருளைக்கிழங்கு நிலவறையில். குளிர் நாடுகளின் விவசாயிகள் கடுங்குளிர் இரவுகளில் நிலவறைக்குள் பெரிய தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி வைப்பார்கள். கிழங்கு உறையாமலிருக்கத் தண்ணீரை உறையவிடுவது!

இது ஏன் பலிக்கிறது என்று காட்டியவர் ஜோசப் பிளாக், 1760-களின் தொடக்கத்தில், கிளாஸ்கோவில். ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிக் குடுவைகள். ஒன்றில் உறைநிலையை ஒட்டிய தண்ணீர், மற்றதில் அதே எடைப் பனிக்கட்டி. இரண்டும் ஒரே அறையில். தண்ணீர் அரை மணி நேரத்தில் 7 ஃபாரன்ஹீட் டிகிரி ஏறியது. பனிக்கட்டி உருகி அதே வெப்பத்துக்கு வர பத்தரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் சூடு உள்ளே போய்க்கொண்டே இருந்தது, தெர்மாமீட்டரில்தான் தெரியவில்லை. பிளாக் அதை உள்ளுறை வெப்பம் என்றார். உருகும்போது விழுங்கிய சூட்டை உறையும்போது தண்ணீர் அப்படியே திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

எவ்வளவு? ஒரு லிட்டர் உறைந்தால் 334 கிலோஜூல். நூறு லிட்டர்த் தொட்டி முழுதும் உறைந்தால் 9 யூனிட் மின்சாரத்துக்குச் சற்று மேல், ஒரு 60 வாட் பல்பு ஆறு நாளைக்கு மேல் எரிவதற்குச் சமம். வெறும் தண்ணீர் 0 டிகிரியில் உறைய ஆரம்பிக்கும். உருளைக்கிழங்குச் சாற்றில் சர்க்கரையும் உப்பும் இருப்பதால் அது இன்னும் ஏறக்குறைய ஒரு டிகிரி இறங்க வேண்டும். கிளைக்கால் கலந்த பெயிண்டும் அப்படியே. தொட்டியில் தண்ணீர் மிச்சமிருக்கும்வரை அறை அந்த ஒரு டிகிரியைத் தாண்ட மிகவும் யோசிக்கும். பெரியவரின் ஃப்ரிட்ஜுக்கு 20 லிட்டர் வாளி ஒன்று போதும். மின்சாரம் போனாலும் ஒன்றரை நாளுக்கு மேல் தாங்கும். இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டியபோது, தன் பாட்டி நிலவறையில் தொட்டி வைத்ததைச் சொன்னார். அது கிழங்கு தாகத்துக்கென்று சின்ன வயதில் நம்பியிருந்தாராம்.

வாளியில் சில நுணுக்கங்கள் உண்டு. தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் பெருக்கும், அதனால் விளிம்புவரை நிரப்பக் கூடாது. மேலே அகன்று கீழே குறுகிய வாளியாக இருந்தால் பனிக்கட்டி பக்கச்சுவரைப் பிளக்காமல் மேலே வழுக்கும். உப்புப் போட்டுவிடக் கூடாது, போட்டால் தண்ணீர் பெயிண்டுக்குப் பிறகு உறையும், வைத்ததே வீண். முழுதும் கட்டியானதும் வெளியே தூக்கிக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டும். பிப்ரவரியில், காலை ஆறு மணிக்கு, இருபது கிலோ பனிக்கட்டியை.