மும்பைத் தமிழர் வாழ்வில் சீட்டும் வங்கியும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பொருளீட்டலும் கொடுக்கல் வாங்கலும் தமிழ்ச் சிந்தனைக்குப் புதியன அல்ல. வள்ளுவர் முப்பாலுள் ஒன்றைப் பொருளுக்கு ஒதுக்கினார். சோழர் காலக் கல்வெட்டுகள் வட்டியைப் ‘பொலிசை’ எனக் குறிக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிற் பண்டாரத்திலிருந்து ஊர்ச்சபைகள் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசையாகத் தருவதாகக் கடன் பெற்றமை, முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகளால் அறியப்படும் செய்தியாகும். அங்குக் கடன் பெற்றது சபை. சான்றாக நின்றது கல். கடனுக்குச் சான்று எது என்னும் வினா தமிழகத்தை விட்டுப் புலம்பெயர்ந்த எளிய மக்களின் வாழ்வில் எவ்வாறு எழுந்தது என்பதை மும்பையின் மாட்டுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய பகுதிகளைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

மாட்டுங்காவும் தாராவியும்

1896-இல் பம்பாயில் பரவிய கொள்ளைநோயின் விளைவாக 1898-இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை தோற்றுவிக்கப்பட்டது. அது வகுத்த தாதர், மாட்டுங்கா மனைத்திட்டத்தில் தென்னிந்தியர் பலர் குடியேறினர். அவர்களுள் எழுத்தர்களும் சுருக்கெழுத்தாளர்களும் இரயில்வே ஊழியர்களும் மிகுதி. இங்குத் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் உருவானது. இவர்களுக்கு மாதச் சம்பளமும் வாடகைச் சீட்டும் அலுவலகக் கடிதமும் இருந்தன.

இருப்புப்பாதைக்கு அப்பால் அமைந்த தாராவியின் வரலாறு வேறு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த ஆதிதிராவிடரும் இசுலாமியரும் நாடாரும் பிறரும் தோல் பதனிடுதல், சிறுவணிகம், இட்லி வணிகம் முதலிய தொழில்களில் ஈடுபட்டனர். இவர்களுடைய வருவாய் நாள்தோறும் வந்தது, நாள்தோறும் செலவானது. குடியிருப்புக்கோ சட்ட ஏற்பு இல்லை. 1976-இல் நடைபெற்ற குடிசைக் கணக்கெடுப்பின்வழி வழங்கப்பட்ட புகைப்பட அட்டையே அரசு ஏற்ற முதற்சான்றாகப் பலருக்கு அமைந்தது.

1969 சூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. ஆயினும் கணக்குத் தொடங்க விரும்புவோரை முன்பே கணக்குடைய ஒருவர் அறிமுகம் செய்தல் வேண்டும் என்னும் நடைமுறை நெடுங்காலம் நிலவியது. மாட்டுங்காவில் உடன் பணிபுரிபவரே அறிமுகம் செய்துவிடுவார். ஒரு தெருவில் எவருக்கும் கணக்கில்லையெனில் அத்தெருவில் யார் யாரை அறிமுகம் செய்வது? வங்கிக் கிளை நடந்துசெல்லும் தொலைவில் இருந்தும் எட்டாமற்போனமைக்கு இது ஒரு முதன்மைக் காரணம் எனலாம்.

சீட்டு: சொல்லும் செயலும்

இவ்விடைவெளியை நிரப்பியது சீட்டு. ‘சீட்டு’ என்பது எழுதப்பெற்ற துண்டோலையையும் துண்டுத்தாளையும் குறிக்கும் சொல். பெயரெழுதிக் குலுக்கி எடுக்கும் வழக்கத்தால் அது சேமிப்பு முறைக்கும் பெயராயிற்று எனக் கருதலாம். மராத்தியர் இதனையொத்த முறையைப் ‘பிசி’ என்பர். சீட்டுப் பிடித்தல், சீட்டுப் போடுதல், சீட்டு எடுத்தல், தள்ளி எடுத்தல் எனத் தமிழில் இதற்கெனத் தனிச் சொற்றொகுதியே வழங்குகிறது.

ஏலச்சீட்டின் இயக்கத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 20 பேர் மாதம் 1,000 ரூபாய் வீதம் 20 மாதங்களுக்குச் சீட்டுப் போடுகின்றனர் எனக் கொள்வோம். ஒரு மாதத்தில் ஒருவர் 4,000 ரூபாய் தள்ளி எடுத்தால் அவருக்கு 16,000 ரூபாய் கிடைக்கும். தள்ளிய தொகையிலிருந்து சீட்டுப் பிடிப்பவருக்குக் கழிவாகச் செல்வது மொத்தச் சீட்டுத் தொகையில் 5 விழுக்காடு, அதாவது 1,000 ரூபாய். எஞ்சிய 3,000 ரூபாயை 20 பேருக்கும் பகிர்ந்தால் தலைக்கு 150. ஆகவே அம்மாதம் ஒவ்வொருவரும் 850 ரூபாய் கட்டினால் போதும். முதலில் எடுப்பவருக்கு இது கடன். இறுதியில் எடுப்பவருக்குச் சேமிப்பு. ஒரே ஏற்பாடு இருவர் தேவையையும் நிறைவேற்றுகிறது. ஊரில் ஒரு திருமணம், ஒரு மருத்துவச் செலவு, ஒரு குடிசையின் கூரை என மொத்தத் தொகை வேண்டும் பொழுதில் இது உதவியது. இதற்குரிய பிணை ஊரறிந்த முகமே.

சீட்டின் மறுபக்கம்

எனினும் சீட்டைப் போற்றி மட்டுமே எழுதுதல் வரலாறாகாது. சீட்டுப் பிடித்தவர் தலைமறைவானால் பணம் கட்டியோர் கையில் எஞ்சுவது ஒரு குறிப்பேடு மட்டுமே. 1982-ஆம் ஆண்டின் சிட்நிதிச் சட்டம், சீட்டு நடத்துவோர் முன்னனுமதி பெற வேண்டும். சீட்டுத் தொகைக்கு ஈடான பிணைத்தொகை செலுத்த வேண்டும் என விதித்தது. விலக்குப் பெறும் சீட்டின் வரம்பு 100 ரூபாயாகவே இருந்தது. 2019-இல் கொணரப்பட்ட திருத்தம் அதனை நீக்கி, வரம்பை வரையறுக்கும் உரிமையை மாநில அரசுகளுக்கு அளித்தது; கழிவை 5-இலிருந்து 7 விழுக்காடாக உயர்த்தியது. மேலே காட்டிய 20,000 ரூபாய்ச் சீட்டு அப்பழைய 100 ரூபாய் வரம்பைக் கடந்ததே என்பது நோக்கத்தக்கது. ஆக, பதிவு பெறாத தெருச்சீட்டில் ஏமாந்தவர் சட்டத்தின் முன் செல்லவும் தயங்கினார். வங்கி அவரை ஏற்கவில்லை. சட்டம் அவருடைய ஏற்பாட்டை ஏற்கவில்லை.

செம்பூர்ப் பகுதியும் மகளிர் சேமிப்பும்

செம்பூரை அடுத்த டிராம்பே பகுதியில் இருந்த ஜனதா காலனி 1976 மே மாதத்தில் அகற்றப்பட்டு, மக்கள் சீத்தா கேம்பிற்கு மாற்றப்பட்டனர். இதனை எதிர்த்துப் போராடியவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதம். அவர் தோற்றுவித்த தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பு, 1984-இல் உருவான ஸ்பார்க் நிறுவனத்துடனும் 1986-இல் பைகுலா நடைபாதைவாழ் பெண்களிடையே தோன்றிய மகிளா மிலன் அமைப்புடனும் இணைந்து செயற்பட்டது. பெண்களே வீடுதோறும் சென்று சிறுதொகைகளைத் திரட்டுதல், அவசரத்திற்குக் கடன் தருதல், வீட்டிற்கெனச் சேமித்தல் என்பன அதன் நெறி. அறிமுகத்தைப் பிணையாகக் கொள்ளும் சீட்டின் இயல்பு, பொதுக்கணக்கும் கூட்டுப்பொறுப்பும் உடைய அமைப்பாக இங்கு வளர்ந்தது. ஜோக்கின் 2000-இல் மகசேசே விருதும் 2011-இல் பத்மஸ்ரீயும் பெற்றார், 2018-இல் மறைந்தார்.

வங்கி வந்த வழி

1906-இல் சென்னையில் அர்பத்நாட் நிறுவனம் வீழ்ந்தது. பெயர்பெற்ற நிறுவனத்தை நம்பியோர் தம் சேமிப்பை இழந்தனர். அதன் விளைவாக 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. சரியாக நூறாண்டுகள் கழித்து, 2007-இல், அவ்வங்கி தாராவியில் கிளையும் தானியங்கிப் பண இயந்திரமும் நிறுவியது.

இதற்கு முன்னோடியாக இரு செயல்கள் அமைந்தன. 2005-இல் புதுச்சேரியின் மங்கலம் கிராமத்தில் இல்லந்தோறும் வங்கிச்சேவை என்னும் முயற்சியை இதே வங்கி மேற்கொண்டது. அதே ஆண்டில் ரிசர்வ் வங்கி, இருப்பு 50,000 ரூபாய்க்கு மேற்படாத கணக்குகளுக்கு ஆவண விதிகளைத் தளர்த்தியது. முழுமையாகச் சரிபார்க்கப்பட்டு, ஆறு மாதமேனும் கணக்கு வைத்திருக்கும் ஒருவரின் அறிமுகம் போதும் என்றது. முன்னர் தடையாயிருந்த அறிமுகம், ஆவணமற்றோர்க்கு இப்பொழுது வழியாக மாறியது. சீட்டு அறிந்திருந்த உண்மையை வங்கி ஓரளவு ஏற்றுக்கொண்ட தருணம் இது.

2014 ஆகஸ்டு 28 அன்று தொடங்கிய ஜன்தன் திட்டத்தின் கணக்குகள் 2023-இல் 50 கோடியைக் கடந்தன. எனினும் அக்கணக்கில் தகுதியுடையோர் பெறத்தக்க மிகைப்பற்று 2018 முதல் 10,000 ரூபாய் என்ற அளவிலேயே உள்ளது. 2020-இல் தெருவோர வணிகர்க்கென வந்த கடன் திட்டம், முதற்கடனாக 10,000 ரூபாய் வழங்கியபொழுதும் உள்ளாட்சியின் சான்றிதழையோ பரிந்துரைக் கடிதத்தையோ வேண்டிற்று. கணக்கு கிடைத்தது, வேண்டிய வேளையில் வேண்டிய தொகை கிடைப்பது இன்னும் அரிது. சீட்டு மறையாமைக்கு இதுவே காரணம்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படும்.

1. மாட்டுங்காத் தமிழருக்கும் தாராவித் தமிழருக்கும் இருந்த வேறுபாடு சேமிக்கும் பழக்கத்தில் இல்லை. காட்டத்தக்க சான்றில்தான் இருந்தது.

2. சீட்டு அறியாமையின் விளைவன்று. சான்றற்றோர் தமக்குள் வகுத்துக்கொண்ட நிதியமைப்பு. அதன் குறை, சட்டக் காப்பு இன்மையே.

3. கணக்குகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு நிதி உள்ளடக்கத்தை அளத்தல் போதாது. நாள்வருவாயினர் ஆண்டுக்கணக்கில் தவறாது கட்டிய தவணையையும் கடனுக்குரிய தகுதியாக வங்கி ஏற்றல் வேண்டும்.

இவ்வரலாற்றுக்குரிய முதன்மைச் சான்றுகள் சீட்டுப் பிடித்தோரின் தமிழ்க் குறிப்பேடுகள். தாராவி மறுசீரமைப்பு ஒப்பந்தம் 2022-இல் அதானி குழுமத்திற்குக் கிடைத்தது. வீடுகள் இடிபடும்பொழுது குறிப்பேடுகளும் அழியும். கல்வெட்டில் பொலிசையைத் தேடும் தமிழாய்வு, அவை உள்ளபொழுதே இந்த ஏடுகளையும் தேடித் தொகுத்தல் வேண்டும்.