மத்திய இங்கிலாந்து வெப்பநிலைத் தொடர்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் நிலவிய காற்று வெப்பநிலையை 1659ஆம் ஆண்டு முதல் இன்றுவரை மாதவாரியாகத் தரும் பதிவுத் தொடர். வெப்பமானி அளவீடுகளை அடிப்படையாகக் கொண்ட மாதத் தொடர்களில் உலகிலேயே மிக நீண்டது இதுதான். லங்காஷயர், லண்டன், பிரிஸ்டல் ஆகிய மூன்றுக்கும் இடைப்பட்ட, ஏறத்தாழ முக்கோணமான நிலப்பரப்பின் சராசரி நிலையை இது குறிக்கிறது. இதைத் தொகுத்தவர் புவியியலாளர் கார்டன் மேன்லி (1902–1980).

இத்தொடரின் எண்கள் ஒரே வெப்பமானியிலிருந்து வந்தவையல்ல. பல ஊர்களில், பல கருவிகளில், பல வேளைகளில் பலர் எழுதிவைத்த குறிப்புகளை ஒப்பிட்டு, திருத்தி, ஒன்றோடொன்று இணைத்துப் பெற்றவை. வானிலை நிலையம் ஒன்றின் மாத வெப்பநிலை எப்படிப் பதிவாகிறது, அதை ஏன் சீராக்க வேண்டியிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் தொடர் அரிது.

தொடக்ககாலப் பதிவுகள்

17ஆம் நூற்றாண்டின் வெப்பமானிகளுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. கருவியைச் செய்தவர் தமக்குத் தோன்றியபடி கோடுகள் இட்டார். லண்டன் ராயல் சொசைட்டியின் ஆதரவில் பரவிய ஒருவகைக் கருவியில் கடும் வெப்பத்துக்கு 0 என்று மேலே குறித்து, குளிர் கூடக் கூட எண்ணும் கூடும்படி அமைத்திருந்தார்கள். இப்படிப்பட்ட கருவிகளின் எண்களை இன்றைய அளவுக்கு மாற்றுவதே தனி ஆய்வு. டேனியல் ஃபாரன்ஹைட்டின் பாதரச வெப்பமானியும், அவர் 1724இல் வெளியிட்ட அளவுகோலும் வந்த பிறகே ஓர் ஊரின் எண்ணை இன்னோர் ஊரின் எண்ணோடு ஒப்பிடுவது எளிதாயிற்று.

பதிவு செய்தவர்கள் பெரும்பாலும் ஆர்வலர்கள். மெய்யியலாளர் ஜான் லாக் 1666இல் ஆக்ஸ்ஃபோர்டில் வானிலைக் குறிப்பேடு எழுதத் தொடங்கினார். ரட்லண்ட் மாவட்டத்தின் லிண்டன் என்ற சிற்றூரில் நிலக்கிழார் தாமஸ் பார்க்கர் சுமார் 60 ஆண்டுகள் பதிவுகளைத் தொடர்ந்தார். இவர்களுடைய பொறுமை இல்லையென்றால் இத்தொடருக்கு அடித்தளமே இருந்திராது.

ஆனால் அவர்கள் வெப்பமானியை வைத்த இடம் ஒரு சிக்கல். ராயல் சொசைட்டியின் செயலாளர் ஜேம்ஸ் ஜூரின் 1723இல் பதிவாளர்களுக்கு விடுத்த அழைப்பில், வடக்கு நோக்கிய, தீ மூட்டாத அறையில் வெப்பமானியை மாட்டச் சொன்னார். வீட்டுச் சுவர் வெப்பத்தை மெதுவாக ஏற்று மெதுவாக விடும். ஆகவே அறைக்குள் விடியற்காலைக் குளிரும் பிற்பகல் வெப்பமும் மட்டுப்பட்டே தெரியும். திடீரென வரும் கடுங்குளிர் உள்ளே எட்ட ஓரிரு நாள் பிடிக்கும். மாதச் சராசரியில் இந்தப் பிழை ஓரளவு தணியும், முழுதாக மறையாது.

மாதச் சராசரி அமையும் விதம்

ஒரு நாளின் சராசரி வெப்பநிலையை மணிக்கு மணி அளந்து காண்பதே சிறந்தது. அதற்கு வாய்ப்பில்லாத இடங்களில் நாளின் உச்ச வெப்பநிலையையும் தாழ் வெப்பநிலையையும் கூட்டி இரண்டால் வகுப்பார்கள். ஜேம்ஸ் சிக்ஸ் 1782இல் விவரித்த, உச்சத்தையும் தாழ்வையும் தானே குறித்துவைக்கும் வெப்பமானி இந்த முறைக்கு வழி திறந்தது. மாதத்தின் எல்லா நாட்களின் சராசரிகளையும் கூட்டி, நாட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் மாதச் சராசரி கிடைக்கும்.

கணக்கு எளிது, பதிவு எடுக்கும் வேளைதான் அதைக் குழப்புகிறது. காலை 8 மணிக்கு மட்டும் பார்த்து எழுதிய பழைய குறிப்பேட்டின் எண்கள் நாள் சராசரியிலிருந்து விலகியிருக்கும். விலகலின் அளவு ஜனவரியில் ஒன்று, ஜூனில் வேறு. உச்ச வெப்பமானியை மாலை 5 மணிக்குப் பார்த்து மறுபடி பொருத்தினாலும் பிழை நுழையும். கொளுத்தும் வெயில் நாளொன்றின் 5 மணி வெப்பம், மறுநாள் குளிர்ந்திருந்தாலும், மறுநாளின் உச்சமாகப் பதிவாகிவிடலாம். ஒரே வெப்ப நாள் இருமுறை எண்ணப்படுவதால் மாதச் சராசரி உயர்ந்துவிடும்.

மேன்லியின் பணி

மேன்லி 1928இல் டர்ஹம் பல்கலைக்கழகத்தில் புவியியல் துறையை ஏற்றார். அங்குள்ள வானாய்வகத்தில் 1840கள் முதல் சேர்ந்திருந்த வானிலைக் குறிப்பேடுகள் அவர் கவனத்தை ஈர்த்தன. கருவி மாற்றம், இட மாற்றம், பதிவு நேர மாற்றம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கண்டறிந்து திருத்தி, டர்ஹமின் சீரான தொடரை 1941இல் வெளியிட்டார். 1930களின் இறுதியில் பென்னைன் மலையிலுள்ள கிரேட் டன் ஃபெல் உச்சியில், ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில், ஒரு சிறு குடில் அமைத்துத் தாமே அளவீடுகள் எடுத்தார். மேட்டு நிலக் குளிரையும் காற்றையும் அந்தக் குடிலில் நேரில் பட்டறிந்தவர் அவர். எண்ணைக் காகிதத்தில் மட்டும் அறிந்தவரல்லர்.

லங்காஷயரின் தொடரை 1753 வரை பின்னோக்கிக் கொண்டுசென்றபின், 1953இல் மத்திய இங்கிலாந்துக்கான தொடரை 1698இலிருந்து வெளியிட்டார். 1974இல் வந்த கட்டுரையில் அதை 1659வரை நீட்டினார்.

அவர் பயன்படுத்திய முதன்மை வழி, இரு நிலையங்கள் ஒரே காலத்தில் இயங்கிய ஆண்டுகளை ஒப்பிடுவது. ஒரு நிலையம் 1800இல் நின்றுவிட்டது, இன்னொன்று 1790இல் தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். பொதுவான பத்து ஆண்டுகளின் ஜனவரிகளைப் பார்த்தால் பழைய நிலையம் சராசரியாக 0.4 டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது, ஜூலைகளில் 0.1 டிகிரி மட்டுமே கூடுதல். அப்படியானால் பழைய நிலையத்தின் எல்லா ஜனவரிகளிலும் 0.4ஐயும் எல்லா ஜூலைகளிலும் 0.1ஐயும் கழித்தால் இரண்டும் ஒரே தொடராக இணையும். ஆண்டு முழுவதற்கும் ஒரே திருத்தம் போட்டால் குளிர்காலமும் கோடைகாலமும் திரிந்துவிடும்.

நாட்காட்டியும் இடையில் குறுக்கிட்டது. இங்கிலாந்து 1752இல் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியபோது செப்டம்பர் 2ஆம் தேதிக்கு மறுநாள் 14ஆம் தேதியாயிற்று. அதற்கு முந்தைய குறிப்பேடுகளில் உள்ள மாதங்கள் இன்றைய மாதங்களோடு பொருந்தா. வசந்தமும் இலையுதிர்காலமும் விரைந்து மாறும் பருவங்கள் என்பதால் பத்துப் பதினொரு நாள் தள்ளிப்போனாலே மாதச் சராசரி கணிசமாக மாறிவிடும். மேன்லி தொடர் முழுவதையும் இன்றைய நாட்காட்டிப்படியே அமைத்தார்.

கூண்டும் நகரமும்

19ஆம் நூற்றாண்டில் வெப்பமானி வீட்டைவிட்டு வெளியேறியது. வெப்பமானியை மாட்ட ஜேம்ஸ் கிளைஷர் அமைத்த நிலைச்சட்டம் ஒருபுறம் திறந்திருந்தது. வெயில் நேராகப் படாதபடி பதிவாளர் அதைக் கையால் திருப்பிவைக்க வேண்டும். ஆனாலும் சுற்றுத் தரையிலிருந்து எதிரொளிக்கும் வெப்பம் அதை எட்டும். கலங்கரைவிளக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் 1860களில் வடிவமைத்த வெள்ளைப் பெட்டி, அதாவது வெப்பமானிக் கூண்டு, இதற்கு விடையாயிற்று. நான்கு பக்கமும் இரட்டைச் சாய்பலகைகள் கொண்ட அதனுள் காற்று புகும், வெயில் புகாது. ஸ்ட்ராத்ஃபீல்ட் டர்ஜிஸ் என்ற ஊரில் 1868 முதல் பலவகைக் கூண்டுகளை அருகருகே நிறுத்தி ஒப்பிட்டார்கள். அத்தகைய ஒப்பீடுகள்தாம் பழைய கூண்டின் எண்ணைப் புதிய கூண்டின் எண்ணோடு இணைக்க உதவுகின்றன.

நகர வளர்ச்சி வேறுவகைப் பிழையைத் தருகிறது. லண்டன் சுற்றியுள்ள நாட்டுப்புறத்தைவிட வெப்பமாக இருப்பதை லூக் ஹவர்ட் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதினார். கூண்டு மாற்றம் தொடரில் ஒரே நாளில் படிக்கட்டுபோல் தாவலை உண்டாக்கும்; நகரமோ மெல்ல மெல்ல எண்ணை உயர்த்தும். 1974க்குப் பிந்தைய எண்களில் இந்த நகர வெப்பத்துக்காக ஒரு டிகிரியின் பத்தில் ஒன்றிரண்டு பங்கு அளவுக்குக் கழித்தார்கள்.

துல்லியத்தின் எல்லை

இத்தொடரின் பெருஞ்சிறப்பு, தன் எல்லையைத் தானே சொல்வது. 1722 நவம்பர் முதல் மாதச் சராசரிகள் 0.1 டிகிரி நுணுக்கத்தில் தரப்பட்டுள்ளன. அதற்கு முன் பெரும்பாலும் முழு டிகிரி அல்லது அரை டிகிரி; 1699–1706 மட்டும் விதிவிலக்கு. 1707 முதல் 1722 வரை உள்ளூர்ப் பதிவுகள் போதாததால் நெதர்லாந்தின் உட்ரெக்ட் அளவீடுகளையும் மேன்லி துணைக்கொண்டார். தனக்குத் தெரிந்த அளவுக்குமேல் தசமப் புள்ளி போடாத இந்த நேர்மையே திருத்தப்பட்ட எண்ணுக்கு நம்பகம் தருகிறது. திருத்தம் என்றதும் எண்ணை வளைத்துவிட்டார்கள் என்று ஐயப்படுவோர் உண்டு. கருவியும் இடமும் வேளையும் மாறிய பின் திருத்தாமல் விடுவதுதான் பிழையை உண்மையென்று ஏற்பது.

மேன்லிக்குப் பின்

டேவிட் பார்க்கரும் உடன் ஆய்வாளர்களும் 1992இல், 1772இலிருந்து தொடங்கும் நாள்வாரித் தொடரை வெளியிட்டார்கள். உச்ச, தாழ் வெப்பநிலைகளுக்கான தொடர்கள் 1878இலிருந்து கிடைக்கின்றன. பிரிட்டிஷ் வானிலைத் துறையின் ஹாட்லி மையம் இத்தொடரைப் பேணிவருகிறது. நிலையங்களும் மாறிவந்துள்ளன: 2004இல் மால்வெர்னுக்குப் பதில் பெர்ஷோர் வந்தது, மான்செஸ்டர் விமான நிலையமான ரிங்வேக்குப் பதில் ஸ்டோனிஹர்ஸ்ட் வந்தது, ராதம்ஸ்டெட் நீடிக்கிறது. 2022இல் திருத்திய இரண்டாம் பதிப்பு வெளியாயிற்று.

தொடர் காட்டுவது

மிகக் குளிர்ந்த மாதம் 1795 ஜனவரி, −3.1 டிகிரி செல்சியஸ். ‘கோடையில்லா ஆண்டு’ எனப்படும் 1816இன் ஜூலை 13.4 டிகிரி, ஜூலைகளில் அதுவே மிகக் குளிர்ந்தது. மிக வெப்பமான மாதமான 2006 ஜூலை 20 டிகிரியை நெருங்கியது. 1690களின் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 8 டிகிரி. 1991–2020 காலத்தின் சராசரி 10 டிகிரிக்கு மேல். 2022 முதன்முறையாக 11 டிகிரியைத் தாண்டியது. 2006இல் டேவிட் கரோலியும் பீட்டர் ஸ்டாட்டும் இத்தொடரை ஆய்ந்து, 20ஆம் நூற்றாண்டில் இங்கு ஏற்பட்ட வெப்ப உயர்வில் மனிதச் செயலின் பங்கு தெரிகிறது என்று காட்டினார்கள். ஒரு சிறு நிலப்பரப்பில் இயற்கையின் ஏற்றத்தாழ்வு பெரிதாக இருக்கும் என்பதால் அத்தகைய முடிவுக்கு நீண்ட, சீரான பதிவு தேவை. திருத்தப்படாத குறிப்பேடுகளை வரிசையாக அடுக்கியிருந்தால், கூண்டு மாறியதையும் காலநிலை மாறியதையும் பிரித்துச் சொல்ல இயலாது போயிருக்கும்.