'ஆண்கள் மட்டும்': ஒரு வரியின் வரலாறு

"மலருக்கு ஏதாவது எழுதுங்க சார், விடுதி, கேன்டீன், கட் அடிச்சுப் பார்த்த சினிமான்னு ஜாலியா இருக்கட்டும்" என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். அதையெல்லாம் என்னைவிட அழகாக எழுதும் தோழர்கள் உண்டு. நான் எடுத்துக்கொண்டது செய்தித்தாளில் இரண்டு அங்குல இடம் பிடிக்கும் ஒரு சமாசாரம்: வேலைவாய்ப்பு விளம்பரம். அதன் கடைசியில் ஒரு வரி இருக்கும், 'ஆண்கள் மட்டும்' என்று. அந்த வரியை எழுதிய கைகளில் என் கையும் ஒன்று.

இதைச் சொல்ல நம் கல்லூரி மலர் பொருத்தமான இடம்தான். புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி, ஆண்கள் மட்டுமே படித்துவந்த மன்னர் கல்லூரியில் இடம் கேட்டபோது எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார், அம்மையார் சேர்ந்தார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டராக வெளியே வந்தார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் அவர் தந்தது. (எங்கள் திருமயத்தில் 1887-இல் பிறந்த தீரர் சத்தியமூர்த்தியும் இதே கல்லூரிதான். பின்னாளில் தேவதாசி ஒழிப்பு விவகாரத்தில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். கோட்டையைக் காட்டும்போது இந்தக் கதையை நாங்கள் சொல்வதில்லை!)

படிக்க இடம் கிடைத்தாலும், படிவங்கள் அத்தனை சீக்கிரம் மாறவில்லை. கிண்டி பொறியியல் கல்லூரியில் ஏ. லலிதா 1944-இல் பட்டம் வாங்கினார். பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு படிக்க வந்தவர். பட்டச் சான்றிதழில் 'அவன்' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்தான் அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டு 'அவள்' என்று பேனாவால் திருத்திக் கொடுத்தார்கள். அச்சடித்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்ததில்லை. ஒரு பெண் வந்து நிற்பாள் என்று யாரும் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் நினைத்துப் பார்த்தே வாசலை அடைத்த விளம்பரங்களும் உண்டு. 1974-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அறிவிப்புப் பலகையில் டெல்கோ நிறுவனம் பொறியாளர்களை அழைத்திருந்தது. பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று அடியில் ஒரு குறிப்பு. அங்கே முதுகலை படித்துக்கொண்டிருந்த சுதா குல்கர்னி (நாம் அறிந்த சுதா மூர்த்தி) நேராக ஜே.ஆர்.டி. டாடாவுக்கே ஒரு தபால் கார்டு போட்டார். பூனாவுக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது, வேலையும் கிடைத்தது. அன்றைக்கு ஒரு கார்டின் விலை சில பைசாக்கள்!

அதே காலத்தில் அமெரிக்கப் பத்திரிகைகளில் 'ஆண்கள் தேவை', 'பெண்கள் தேவை' என்று தனித்தனிப் பத்திகளே இருந்தன. பிட்ஸ்பர்க் நகரப் பத்திரிகை ஒன்று அதற்காக வழக்காடி 1973-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. இங்கே 1976-இல் சம ஊதியச் சட்டம் வந்தது. பெயரைக் கேட்டால் சம்பளச் சட்டம். உள்ளே ஐந்தாம் பிரிவு, வேலைக்கு ஆள் எடுக்கும்போதே பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்றது. வேறொரு சட்டமே பெண்களை அந்த வேலையில் தடுத்திருந்தால் மட்டும் விலக்கு.

இனி என் பங்கு. 1981-இல் ஒரு ரசாயன ஆலையின் பணியாளர் பிரிவில் இருந்தேன். ஆய்வகத்துக்கு கெமிஸ்ட் வேண்டும் என்று விளம்பரம் தயாரித்தேன். பழைய விளம்பரத்தைப் பார்த்து அப்படியே எழுதி, 'ஆண்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்' என்று முடித்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. மாற்றும்படியும் யாரும் சொல்லவில்லை.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, திருமயம் பேருந்து நிறுத்தத்தில் எங்கள் வேதியியல் வகுப்புத் தோழியைப் பார்த்தேன். வகுப்பில் முதல் மாணவி. ஆய்வகத்தில் எனக்கு டைட்ரேஷன் சரியாக வராதபோதெல்லாம் கைகொடுத்தவர்.

"உங்க கம்பெனி விளம்பரம் பாத்தேன். அது ராத்திரி ஷிப்டா?"

"இல்ல, ஆய்வகம் பகல் மட்டும்தான்."

"அப்புறம் ஏன்?"

காரைக்குடி பஸ் வந்து என்னைக் காப்பாற்றியது. அவர் ஆசிரியையாகி, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றார்.

அவர் ராத்திரி ஷிப்டைப் பற்றிக் கேட்டது சும்மா இல்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-ஆம் பிரிவு, இரவு ஏழு மணி முதல் காலை ஆறு மணி வரை பெண்களை வேலை வாங்கக் கூடாது என்றது. பாதுகாப்புக்காக வந்த விதிதான். என்னைப் போன்றவர்களுக்கு அது நல்ல சாக்காகவும் இருந்தது. 2000-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த இரவுத் தடையைச் செல்லாதென்றது. என் விளம்பரத்துக்கோ அந்தச் சாக்குகூடக் கிடையாது.

இப்போது கணினிக்கு வருவோம். என் மருமகள் பெங்களூரில் ஆள் சேர்ப்புப் பிரிவில் இருக்கிறாள். விளம்பரம் எழுதினால் ஒரு மென்பொருளில் போட்டுப் பார்த்துத்தான் வெளியிடுகிறார்களாம். இதன் வேர் 2011-இல் காச்சர், ஃப்ரீசன், கே என்ற மூன்று உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. தலைமை, போட்டி, ஆதிக்கம் என்ற பொருள் தரும் சொற்கள் நிறைந்த விளம்பரத்தைப் படித்த பெண்களுக்கு அந்த வேலை மீது ஈர்ப்பு குறைந்தது. 'என்னால் முடியாது' என்பதால் அல்ல. 'அது எனக்கான இடமில்லை' என்று பட்டதால். அந்த ஆய்வின் சொற்பட்டியலை வைத்து கேட் மேட்ஃபீல்டு என்ற பெண்மணி ஒரு இலவசக் கருவி செய்தார். 2014-இல் சியாட்டிலில் தொடங்கிய டெக்ஸ்டியோ நிறுவனம், எழுத எழுத வேறு சொல்லை எடுத்துக்கொடுக்கும் மென்பொருளை விற்றது.

ஆசை யாரை விட்டது? என் 1981 விளம்பரத்தை ஆங்கிலத்தில் தட்டி, சொற்பட்டியல் பார்த்துத் தேடும் ஒரு கருவியில் போடச் சொன்னேன். 'நடுநிலை' என்று வந்தது! மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "மாமா, இது மறைமுகமா சொல்றதைத்தான் கண்டுபிடிக்கும். நீங்க நேராவே சொல்லிட்டீங்களே."

தமிழில் இந்தக் கருவிக்கு என்ன வேலை இருக்கும் என்று யோசித்தேன். நம் மொழி வசதியானது. பலர்பாலுக்குரிய 'அர்' விகுதியை மரியாதைக்காக ஒருவருக்கும் போடுகிறோம்; ஓட்டுநர், கணக்காளர், எழுத்தர் என்றால் யாரும் வரலாம். இவ்வளவு இருந்தும் திருமயம் கடைவீதியில் அண்மையில் பார்த்த தட்டியில் 'விற்பனைக்குப் பெண்கள் தேவை, சூப்பர்வைசர் ஆண்கள் தேவை' என்றிருந்தது. இதைக் கண்டுபிடிக்கக் கணினி எதற்கு?

பெரிய இடங்களிலும் இதே கதைதான். ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களைத் தவிர்த்தார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில், விளம்பரங்களில் வயது, பால், திருமணம் பற்றிய நிபந்தனைகளைப் போட வேண்டாம் என்று ஆள் சேர்க்கும் முகவர்களுக்கு அந்நிறுவனம் சொல்லியிருப்பதாகவும் அதே செய்தி நிறுவனம் எழுதியது. வரி போய்விட்டது. வரிக்குப் பின்னால் இருந்த எண்ணமும் போனதா என்பதை, வேலை கேட்டுப் போகும் பெண்கள்தான் சொல்ல வேண்டும்.

நம் சங்க அலுவலகத்துக்கு எழுத்தர் ஒருவர் வேண்டும், அறிவிப்பை நீங்களே எழுதுங்கள் என்று செயலாளர் என்னிடம் ஒப்படைத்தார். தகுதி, வேலை நேரம், விண்ணப்பிக்கக் கடைசி நாள் என்று சுருக்கமாக எழுதி, அந்தத் தோழியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"எல்லாம் சரிதான். சம்பளம் எவ்வளவுன்னு போடலையே?"