இரவு எட்டு மணி ரத்தம்

திண்டிவனத்தில் உறவுக்காரப் பெண் ஒருவர் என் கையில் ஒரு பரிசோதனைச் சீட்டைக் கொடுத்தார். இரவு எட்டு மணிக்கு எடுத்த ரத்தத்தில் கார்ட்டிசால் கூடுதலாக இருப்பதாக அதில் அச்சாகியிருந்தது. பல ஆண்டுகளாகத் தீராத அசதி அவருக்கு. ஒருநாள் வீட்டைப் பெருக்கித் துடைத்தால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் எழ முடியாது. "ராத்திரியில கார்ட்டிசால் ஏறுதாம். அட்ரினல் சுரப்பி களைச்சுப் போச்சாம். அதை அடக்கினா அசதி போயிடுமாம்" என்றார். விழுப்புரத்திலும் இதே விளக்கத்தை வேறொருவர் சொல்லக் கேட்டேன். களைத்துப்போன சுரப்பி எப்படிக் கார்ட்டிசாலைக் கூடுதலாகச் சுரக்கும்? இந்த விளக்கம் எங்கே பிறந்தது என்று பழைய தாள்களில் தேடத் தொடங்கினேன்.

முதலில் உள்ளூர்ப் பதிவுகள். இரு ஊர்களும் தென் ஆற்காடு மாவட்டத்தில் இருந்த காலத்தில், 1906-இல் பிரான்சிஸ் எழுதிய மாவட்ட கெஜட்டியரைப் புரட்டினேன். அந்தக் காலத்து அரசுப் பதிவுகள் காலராவையும் பெரியம்மையையும் காய்ச்சலையும் எண்ணின. அசதியில் படுத்துக்கிடந்தவர்கள் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அங்கே துப்பு கிடைக்காது என்று மருத்துவ இதழ்களுக்குப் போனேன்.

அட்ரினல் கெட்டால் அசதி வரும் என்பதற்கு மூல நூல் 1855-ஆம் ஆண்டினுடையது. லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் பதினொரு நோயாளிகளை விவரித்தார். சோர்வு, பலமிழந்த நாடி, வயிற்றுக் குமட்டல், கறுக்கும் தோல். இறந்தவர்களைத் திறந்து பார்த்தபோது பலருக்குக் காசநோய் சுரப்பிகளை அரித்திருந்தது. இந்த நூல் நம் மாவட்டத்துக்கு இன்றும் வேண்டியது. காசநோய் இங்கே தீர்ந்துவிடவில்லை; நம் நிறத்தில் தோல் கறுப்பதும் எளிதில் தெரியாது. உள்ளங்கை ரேகைகளையும் ஈறுகளையும் பார்க்க வேண்டும். உப்புக்கு நாக்கு ஏங்குகிறதா, எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று கேட்க வேண்டும். ஆனால் அடிசன் நோயில் கார்ட்டிசால் குறையும். என் கையிலிருந்த சீட்டு அதற்கு நேர் எதிர்.

அடுத்த தாள் 1991-இல் வந்தது. அமெரிக்காவில் டெமிட்ராக் குழு நாட்பட்ட அசதி நோயாளிகளின் மாலைநேரக் கார்ட்டிசாலை அளந்தது. நோயாளிகளுக்குச் சராசரி லிட்டருக்கு 89 நானோமோல். நலமாக இருந்தவர்களுக்கு 148. அதாவது அந்த நோயில் மாலை அளவு குறைவாக இருந்தது. அப்படியானால் 'இரவில் ஏறும்' கதை யாருடையது?

விடை 2001-ஆம் ஆண்டு ஆய்வொன்றில் இருந்தது. வ்கோன்ட்ஸாஸ் குழு தூக்கமின்மையால் வாடிய 11 பேரையும் நன்றாக உறங்கும் 13 பேரையும் ஒப்பிட்டது. தூக்கம் வராதவர்களுக்கு மாலையிலும் இரவின் முதல் பாதியிலும் கார்ட்டிசால் கூடியிருந்தது. மனச்சோர்வு நோயிலும் இப்படிக் காணப்படுவதுண்டு. 'அட்ரினல் களைப்பு' என்பதோ 1998-இல் ஜேம்ஸ் வில்சன் என்ற அமெரிக்கர் புழக்கத்தில் விட்ட பெயர். 2016-இல் பிரேசிலைச் சேர்ந்த இருவர் 58 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, அப்படி ஒரு நோய்க்குச் சான்று இல்லை என்று எழுதினர். மூன்று இடத்துச் சரக்கு ஒன்றாகக் கலந்து திண்டிவனம் வந்து சேர்ந்திருக்கிறது.

சீட்டில் இருந்த எண் இன்னும் விளங்கவில்லை. அந்தப் பெண்ணிடம் மருந்துக்கடை ரசீதுகளைக் கேட்டு வாங்கினேன். இழுப்புக்காகவும் மூட்டுவலிக்காகவும் விட்டு விட்டு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை வாங்கியிருந்தார். 2006-இல் தமிழ்நாட்டைச் சிக்குன்குனியா முடக்கியபோதே மூட்டுவலிக்கு ஸ்டீராய்டு விழுங்கப் பழகியவர்கள் உண்டு. பரிசோதனைக்கூடக் கருவிகள் பலவும் பிரெட்னிசோலோனையே கார்ட்டிசால் என்று எண்ணிவிடும். அதே வேளையில் அந்த மாத்திரை உடலின் சொந்தச் சுரப்பை அடக்கிவைக்கும். தாளில் கூடுதல், உடலில் பற்றாக்குறை! இந்த நிலையில் 'கார்ட்டிசாலைக் குறைக்கிறேன்' என்று மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. தேடலில் என்னைப் பதறவைத்தது இதுதான்.

எதிர்த்திசையிலும் ஆபத்து இருக்கிறது. 1998-இல் அமெரிக்க ஆய்வொன்றில் 70 அசதி நோயாளிகளில் பாதிப் பேருக்கு, கார்ட்டிசாலையே மருந்தாக்கிய ஹைட்ரோகார்ட்டிசோனைக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் சொற்பம்; 12 பேருக்கு அட்ரினல் சுரப்பு அடங்கிப்போனது. இந்த மருந்து இந்நோய்க்கு உகந்ததல்ல என்று அவர்களே முடித்தார்கள்.

நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் அமுக்கராவுக்கும் ஒரு தாள் உண்டு. 2012-இல் ஹைதராபாத்தில் மன அழுத்தத்தில் இருந்த 64 பேரிடம் 60 நாள் சோதித்தபோது, அதன் வேர்ச்சாறு எடுத்துக்கொண்டவர்களுக்குக் கார்ட்டிசால் நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அவர்கள் நாட்பட்ட அசதி நோயாளிகள் அல்லர். ஏற்கெனவே ஸ்டீராய்டால் சுரப்பு அடங்கிக் கிடப்பவருக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது.

அசதி நோய் பொய்யில்லை. 2015-இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் வகுத்த அடையாளங்களில் உழைப்புக்குப் பின் உடல் சரிவதும் தூங்கியும் புத்துணர்ச்சி இல்லாததும் முதன்மையானவை. 2021-இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையைக் கைவிட்டு, சக்தியை அளந்து செலவழிக்கச் சொன்னது. உறக்க நேரத்தை ஒழுங்குபடுத்துவது, மாலைக்குப் பின் காபியைத் தவிர்ப்பது, சரிவு வருமுன்பே ஓய்ந்துகொள்வது ஆகியவை இரவு கார்ட்டிசால் எவ்வளவு இருந்தாலும் செய்யத்தக்கவை.

கார்ட்டிசால் பற்றாக்குறையைக் கண்டுபிடிக்கக் காலை எட்டு மணி ரத்தம் வேண்டும். டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் ஏறத்தாழ உறுதி. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளியுள்ள புதுச்சேரி ஜிப்மருக்கோ அந்த நேரத்துக்குப் போய்ச்சேர விடியுமுன் பஸ் ஏற வேண்டும். அந்தப் பயணமே அசதி நோயாளியை நாலு நாள் படுக்கவைக்கும். முந்தின நாளே போய்த் தங்க இடம் பார்த்துக் கொடுப்பது குடும்பத்தாரின் வேலை. விழுப்புரம் ஜங்ஷனில் இரவுப் பணி பார்த்துவிட்டு வருபவருக்கு உடற்கடிகாரமே மாறியிருக்கும்; பகலில் விழித்திருப்பவருக்கான அளவு அவருக்குச் செல்லாது. ரத்தம் எடுத்த நேரம், முந்தின இரவு தூங்கிய நேரம், கடைசியாக ஸ்டீராய்டு எடுத்த நாள் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு கார்ட்டிசால் சீட்டிலும் பரிசோதனைக்கூடங்கள் கேட்டு எழுத வேண்டும். மாத்திரை மட்டுமல்ல, ஊசி, இன்ஹேலர், தோலில் பூசும் களிம்பு எல்லாமே அந்தக் கணக்கில் சேரும்.