முத்துச் சலாபம் முதல் சிலிண்டர் வரை: நம் சுழியோடிகளின் கதை

1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்ததைத் தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். ஒரு நாள் மன்னர் முன்னால் முத்துக்கள் குவிந்து கிடந்தனவாம்; அலுவலர்கள் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்களாம். முத்துக் குளிப்பதைப் பார்த்ததுண்டா என்று மன்னர் கேட்க, பாரசீக வளைகுடாவில் பார்த்திருக்கிறேன் என்றார் அவர். அந்த வளைகுடாச் சுழியோடிகளைப் பற்றி அதே நூலில் இன்னோர் இடத்தில், சிலர் ஒரு மணி நேரமும் சிலர் இரண்டு மணி நேரமும் நீருக்கடியில் இருப்பார்கள் என்றும் எழுதிவிட்டார். நடக்க முடியாத காரியம். அவ்வளவு பெரிய அறிஞருக்கும் கடலடி விஷயம் கேள்வி ஞானம்தான்.

மருதானையில் இருந்துகொண்டு நான் இதை எழுதக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் புத்தளப் பக்கத்துப் பிள்ளையொன்று படித்தது. பெற்றோர் கூட்டத்துக்கு அதன் வாப்பா கம்பூன்றி வந்தார். நாற்பது வயதுகூட இருக்காது. கடலட்டை குளிக்கப் போனவராம். "கடலுக்குள்ள ஒண்டும் ஆகல்ல சேர். வள்ளத்துல ஏறினாப் பொறகுதான் காலு ரெண்டும் செத்துப்போச்சு" என்றார். அந்தச் சொல் என்னை விடவில்லை. தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்புக்குச் சலாபம் என்று பெயர். சிலாபத்துறை என்ற ஊர்ப்பெயரில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது. கீழக்கரை முஸ்லிம்கள், பரதவர், யாழ்ப்பாணத்தார், வளைகுடா அரபிகள் எனப் பலரும் அங்கே கூடினார்கள். 1905இல் நடந்த சலாபத்தில் ஏறத்தாழ 5,000 சுழியோடிகள் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகளை எடுத்தார்கள்.

அந்தத் தொழிலின் ஒழுங்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பார்களின் ஆழம் பெரும்பாலும் 5 முதல் 10 பாகம், அதாவது 9 முதல் 18 மீற்றர். 30, 40 இறாத்தல் கல்லொன்றைக் கயிற்றில் கட்டி, அதில் காலை வைத்துச் சுழியோடி இறங்குவார். ஒரு நிமிடம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான் மூச்சு. மேலே கயிறு பிடிக்க ஓர் ஆள் இருப்பார். கயிறு ஆடியதும் அவர் இழுத்தெடுப்பார். ஒரு கல்லுக்கு இரண்டு சுழியோடிகள். ஒருவர் இறங்கும்போது மற்றவர் இளைப்பாறுவார். நண்பகல் வெடி கேட்டதும் தோணிகள் கரைக்குத் திரும்பும்.

கடல்கட்டி என்றொருவரும் இருந்தார். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுபவர். அவர் இல்லாமல் எந்த மதத்துச் சுழியோடியும் இறங்க விரும்பமாட்டார். அந்தக் கடல்கட்டி கத்தோலிக்கர் என்பதை எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட தம் நூலில் வியப்போடு குறிக்கிறார். சுறாவால் நேர்ந்த விபத்து மிக அரிது என்றும் அவரே சொல்கிறார். பயம் சுறா மேலே இருந்தது. உண்மையில் அவர்களைக் காத்தவை மூச்சின் எல்லை, கயிறு பிடித்த ஆள், முறைவைத்த ஓய்வு ஆகிய மூன்றும்தான்.

ஓய்வைச் சும்மா சொல்லவில்லை. பசிபிக்கின் துவமோத்து தீவுகளில் முத்துக்குளித்தவர்கள் ஓய்வின்றித் திரும்பத் திரும்ப இறங்கியதால் சிலர் மயங்கினார்கள், சிலருக்குக் கைகால் விழுந்தது. பக்கத்து மங்கரேவா தீவில் ஒவ்வொரு முறைக்கும் நடுவே பத்து நிமிடமாவது ஓய்வெடுத்தவர்களுக்கு அந்த நோய் வரவில்லை. 1960களில் ஆய்வாளர்கள் இதைப் பதிவுசெய்தார்கள்.

மூச்சின் எல்லையை இயந்திரம் உடைத்தபோது என்ன நடந்தது? உஸ்மானியர் ஆட்சியிலிருந்த ஏஜியன் தீவுகளில் கடற்பஞ்சு எடுத்தவர்களும் முன்பு மூச்சடக்கிக் குளித்தவர்களே. 1860களில் அவர்கள் கைக்குச் செம்புத் தலைக்கவசமும் காற்றுக் குழாயும் வந்தன. ஆழத்தில் நெடுநேரம் நின்றார்கள். மேலே வந்து செத்தார்கள், முடமானார்கள். உடை வந்தது, அதற்கான அறிவு கூட வரவில்லை. 1878இல்தான் பிரெஞ்சு அறிஞர் போல் பேர் காரணத்தை விளக்கினார். மேலே ஏறும் முறையை ஹால்டேன் அட்டவணையாகத் தந்தது 1908இல்.

காரணம் இதுதான். 10 மீற்றர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு, 30 மீற்றரில் நான்கு மடங்கு. அங்கே சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மெதுவாக ஏறினால் சுவாசத்தோடு வெளியேறும். வேகமாக ஏறினால் சோடாப் போத்தலைத் திறந்தாற்போல் உடம்புக்குள் குமிழிகள் கிளம்பும். மூட்டில் தங்கினால் வலி, முள்ளந்தண்டில் தங்கினால் கால் விழும், சலமும் அடைபடும். கடலுக்குள் ஒன்றும் ஆகாமல் வள்ளத்தில் ஏறிய பிறகு கால் செத்தது இதனால்தான்.

பழைய முறையில் நம் கடலில் நடந்த கடைசிப் பெரும் சலாபம் 1925இல். பிறகு சங்கும் கடலட்டையும் மிஞ்சின. 1943இல் பிரான்சில் கூஸ்தோவும் காஞ்யானும் உருவாக்கிய சுவாசக் கருவியின் வழிவந்த சிலிண்டர் இங்கும் வந்தது. கரையோரத்தில் அட்டை அருக, மன்னார், கற்பிட்டி, திருகோணமலைச் சுழியோடிகள் இன்னும் ஆழம் போனார்கள். உல்லாசத்துக்காகச் சுழியோட வரும் வெள்ளைக்காரனுக்கு முதற் பயிற்சியில் 18 மீற்றர்தான் எல்லை. மேற்பயிற்சி பெற்றாலும் 40க்குக் கீழே போகக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் ஏறாதே, 5 மீற்றரில் மூன்று நிமிடம் நில் என்பதெல்லாம் அவனுடைய பாடம். நான் பார்த்த அந்த வாப்பாவுக்குச் சிலிண்டரை முதுகில் மாட்டிவிட்டவர்கள் இதில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. ஒரு நாளில் நான்கு, ஐந்து சிலிண்டர் இறங்கினாராம். வலித்தபோது எண்ணெய் தேய்த்து இரண்டு நாள் பார்த்தார்களாம். ஒட்சிசன் கொடுத்து உடனே அழுத்த அறைக்குக் கொண்டுபோக வேண்டிய நோய் அது. திருகோணமலையில் கடற்படையிடம் அப்படியோர் அறை இருப்பதே அவருக்குத் தெரியாது.

சலாபத்துச் சுழியோடிக்கு எழுத்தறிவு இல்லை, நைதரசன் தெரியாது. ஆனால் ஒரு கல்லுக்கு இரண்டு பேர் என்ற ஒழுங்கு இருந்தது. சிலிண்டர் வந்தபோது கல்லை விட்டோம். கல்லோடு ஒழுங்கையும் விட்டுவிட்டோம். உயிரைக் காப்பது ஷரீஆவின் அடிப்படை நோக்கங்களில் ஒன்று என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். கரையோரப் பள்ளிவாசல் நிர்வாகங்களும் மீனவர் சங்கங்களும் பயிற்சி பெற்ற ஒருவரை அழைத்து, ஏறும் வேகத்தையும் ஓய்வு நேரத்தையும் நம் தமிழில் சொல்லிக்கொடுத்தால் அந்தப் பேச்சுக்கு அர்த்தம் வரும்.

ஆய்வில் ஈடுபாடுள்ள இளைஞருக்கும் ஒரு வேலை இருக்கிறது. சிலாபத்துறையிலும் கற்பிட்டியிலும் கீழக்கரையிலும் சுழியோடிக் குடும்பத்து முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாப்பாமார் எப்படி இறங்கினார்கள், எப்போது கடலுக்குப் போகாமல் நின்றார்கள் என்று கேட்டு எழுதுங்கள். கால் விழுந்தவர்களின் கதையையும் சேர்த்தே எழுதுங்கள். நம் சமூக வரலாற்றில் முத்து வாங்கி விற்ற மரைக்காயர்களுக்குப் பக்கங்கள் உண்டு. முத்தெடுத்தவருக்கு இன்னும் ஒரு பக்கம் இல்லை.