எழுத்துக் கூலி

தோட்டத்துக் காரியாலயத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு, செய்த வேலைக்குக் கூலி போடுவது அன்றாடத் தொழில். காலைப் பெரட்டு கலைந்து, வெட்டப்பட்ட செம்பனைக் குலைகளின் கணக்கு மாலையில் மேசைக்கு வந்து சேர்ந்ததும், குலைக்கு இவ்வளவென்று கணக்கிட்டுச் செக்ரோலில் பதிந்துவிட்டால் அன்றைய விவகாரம் தீர்ந்தது. குலை ஆலைக்குப் போய்விடும். எண்ணெயாகப் பிழியப்பட்ட பின்னர் அஃது எவர் வெட்டிய குலை என்று கேட்பாரில்லை. எழுத்தையும் இவ்வாறே துண்டுக்கு இவ்வளவென்று விற்றுவிட்டுக் கை கழுவலாமா என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

அண்மையில் நம் தோட்டத்து இளைஞர் ஒருவர், ஆங்கிலம் நன்கு கற்றவர், இராப்பொழுதில் இணையதளங்களுக்குக் கட்டுரை எழுதிப் பொருளீட்ட ஆசை கொண்டு நம்மிடம் வந்தார். "எப்படி ஆரம்பிப்பது, அண்ணே? கட்டுரைக்கு எவ்வளவு தருவார்கள்?" என்று கேட்டார். விடை சொல்லுமுன் கொஞ்சம் சரித்திரம் பார்க்க வேண்டும் தம்பி என்றோம். அவர் முகம் வாடிற்று. பள்ளிக்கூடத்துச் சரித்திர பாடம் நமக்குக் கசந்தது போலவே அவருக்கும் கசந்தது போலும்.

எந்தப் பத்திரிகையிலும் மாதச் சம்பளத்திற்கு அமராமல், எழுதியதற்குத் தக்க கூலி பெற்று வாழ்வோர் கூட்டம் இங்கிலாந்தில் பெருகியது 18-ஆம் நூற்றாண்டில். லண்டனில் கிரப் தெரு என்றொரு தெரு இருந்தது. வறிய எழுத்தாளர் பலர் அங்குக் குடியிருந்தமையால் அதன் பெயரே கூலி எழுத்துக்கு வசைப்பெயராயிற்று. 1830-ஆம் ஆண்டில் அதற்கு மில்டன் தெரு என்று பெயர் மாற்றினார்கள். வசை மட்டும் மாறவில்லை. இக்காலத்தில்தான் எட்வர்டு கேவ் என்பவர் 1731-ஆம் ஆண்டு ஜனவரியில் 'ஜென்டில்மன்ஸ் மாகஸின்' என்னும் மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். 'மாகஸின்' என்றால் அந்நாளில் கிடங்கு என்று பொருள். பத்திரிகைக்கு அச்சொல்லைச் சூட்டியவர் இவரே. செருப்புத் தைப்பவர் ஒருவரின் மகன் தம் முயற்சியால் இந்நிலைக்கு வந்தார் என்பதை நம்மவர் கவனிக்க வேண்டும்.

இந்தக் கேவுக்கு 1734-ஆம் ஆண்டில் பர்மிங்ஹாமிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உமது பத்திரிகைக்கு எழுதித் தர விரும்புகிறேன், என்ன நிபந்தனை என்று கேட்டு, மறுமொழியை எஸ். ஸ்மித் என்ற பெயருக்கு அனுப்புமாறு எழுதியிருந்தது. உண்மையில் எழுதியவர் சாமுவேல் ஜான்சன். வறுமையால் ஆக்ஸ்போர்டுப் படிப்பைப் பாதியில் விட்டவர். புத்தக வியாபாரி மகன். அந்த விண்ணப்பத்தால் ஒன்றும் ஆகவில்லை. 1737-இல் தம் மாணவர் ஒருவரோடு லண்டன் வந்து சேர்ந்தார். மறு ஆண்டு மார்ச்சு மாதம் கேவையே புகழும் லத்தீன் பாட்டொன்றை அனுப்பினார், அஃது அச்சாயிற்று. உத்தியோகம் தேடுவோர் துரையைப் புகழ்வது அன்றும் வழக்கந்தான் போலும்! அவ்வாண்டே 'லண்டன்' என்னும் நெடும்பாட்டை வேறொரு பதிப்பாளருக்கு 10 கினிக்கு விற்றார். கேவுக்கு எழுதிய சீட்டொன்றில், இன்னும் உணவு கொள்ளாதவன் என்று லத்தீனில் கையொப்பமிட்டிருக்கிறார்.

பார்லிமெண்டு விவாதங்களை அச்சிடலாகாது என்று 1738-இல் தடை வந்தது. கேவ் அதற்கொரு தந்திரம் கண்டார். லில்லிபுட் என்னும் கற்பனை நாட்டுச் சபையில் நடந்தவை போல அவற்றை வெளியிட்டார். 1741 முதல் 1744 வரை அவற்றைத் தனியே எழுதியவர் ஜான்சன். அவர் சபைக்குள் போனதே அரிது. பிறர் கொண்டுவந்த சில குறிப்புகளை வைத்துக்கொண்டு தம் அறையிலே பெருமக்களின் சொற்பொழிவுகளை இயற்றினார். வெகுநாள் கழித்து ஒரு விருந்தில் மந்திரி பிட்டின் பேச்சொன்றைச் சிலர் வியந்து பாராட்ட, அதை எக்ஸீட்டர் தெருப் பரணறையில் எழுதியவன் நானே என்று ஜான்சன் சொன்னாராம். ஜனங்கள் அவற்றை மெய்யென்று நம்புகிறார்கள் என்று அறிந்ததும் எழுதுவதை நிறுத்திவிட்டதாகவும் கூறினார். 1784-இல் மரணப்படுக்கையிலும் இதை நினைத்து வருந்தினார்.

இவற்றில் எதிலும் அவர் பெயர் இல்லை. 1744-இல், சிறையில் இறந்த தம் நண்பர் சாவேஜின் வாழ்க்கையை எழுதி 15 கினி பெற்றார், அதிலும் பெயரில்லை. அக்காலத்தில் கேவ் வீட்டுக்கு விருந்துண்ண வந்த ஒருவர் அந்நூலை மிகவும் புகழ்ந்தார். பின்பொரு நாள் கேவ் அவரிடம், நீர் அன்று ஒருவரைப் பெரிதும் மகிழ்வித்தீர் என்று சொல்லி, திரைக்குப் பின்னே ஒரு தட்டு உணவு அனுப்பப்பட்டதை நினைவூட்டினார். கந்தலாடையுடன் விருந்தினர்முன் வர நாணி, ஜான்சன் திரைமறைவில் உண்டுகொண்டிருந்தார்!

ஊருக்குப் பெயர் தெரியாவிட்டாலும், எழுதியது எவர் என்று கேவுக்குத் தெரியும் என்பதுதான் இக்கதையில் நமக்கு வேண்டியது. கேவுக்குத் தெரிந்தால் லண்டன் புத்தக வியாபாரிகள் அனைவருக்கும் தெரியும். 1746-இல் அவ்வியாபாரிகள் கூடி ஆங்கில அகராதி செய்ய ஆள் தேடியபோது, பட்டமில்லாத ஜான்சனுக்கு 1,575 பவுன் பேசி ஒப்பந்தம் எழுதியது இதனாலேயே. ஆனால் நூலின் உரிமை வியாபாரிகளுடையது. உதவியாளர் கூலியும் அத்தொகையிலிருந்தே போயிற்று. 1755-இல் அகராதி வெளிவந்து நாடெங்கும் புகழ் பரவிய பிறகு, மறு ஆண்டே ஆறு பவுனுக்கும் குறைந்த கடனுக்காக அவர் கைது செய்யப்பட்டார். நாவலாசிரியர் ரிச்சர்ட்சன் பணம் அனுப்பி மீட்டார்.

இனி நம் காலத்துக்கு வருவோம். இடைப்பட்ட காலத்தில் துண்டெழுத்தாளர்க்கு ஓரளவு உரிமை வளர்ந்தது. 2001-ஆம் ஆண்டில் ஜொனாதன் டாசினி முதலிய எழுத்தாளர்கள் 'நியூயார்க் டைம்ஸ்' மீது தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அச்சுப் பத்திரிகைக்கென்று வாங்கிய கட்டுரையை எழுதியவர் அனுமதியின்றி மின்தொகுப்பில் சேர்க்கலாகாது என்றது. பத்திரிகைகள் அதற்குப் பின் சகல உரிமைகளையும் முன்னதாகவே எழுதி வாங்கத் தலைப்பட்டன. அதே டாசினி 2011-இல் 'ஹஃபிங்டன் போஸ்ட்' மீது வழக்குத் தொடுத்தார். கூலியில்லாமல் பலர் எழுதி வளர்த்த அத்தளம் அவ்வாண்டு 31.5 கோடி டாலருக்கு விற்கப்பட்டது, எழுதியவர்களுக்குப் பங்கில்லை. இலவசமாக எழுதச் சம்மதித்தவர் பிற்பாடு கேட்க முடியாது என்று 2012-இல் வழக்குத் தள்ளுபடியாயிற்று.

இதே ஆண்டுகளில்தான் கட்டுரை ஆலைகள் எழுந்தன. 2006-இல் தொடங்கிய 'டிமாண்ட் மீடியா' என்னும் நிறுவனம், ஜனங்கள் இணையத்தில் எதைத் தேடுகிறார்கள், எதற்கு எவ்வளவு விளம்பரப் பணம் வரும் என்று கணினியைக் கொண்டு கணக்கிட்டுத் தலைப்புகளை வகுத்தது. எழுதுவோர் அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்வர். பெரும்பாலும் கட்டுரைக்கு 15 டாலர். 2011 ஜனவரியில் அதன் பங்குகள் சந்தைக்கு வந்த அன்று அந்நிறுவனத்தின் மதிப்பு 'நியூயார்க் டைம்ஸ்' நிறுவனத்தின் மதிப்பை மிஞ்சியது. அடுத்த மாதமே கூகுள் தன் தேடுமுறையை மாற்றிச் சாரமற்ற பக்கங்களைக் கீழே தள்ளியது. 2005-இல் பிறந்து, 2010-இல் யாஹூவால் வாங்கப்பட்ட 'அசோசியேட்டட் கன்டென்ட்' 2014 ஜூலையோடு மூடப்பட்டது. கட்டுரைகள் தளத்தோடு போயின.

நாமும் அந்த ஆலைகளில் ஒன்றுக்கு உழைத்தவரே. பெயர் வேண்டாம். பகலெல்லாம் குலைக்கணக்கு, இரவில் கொசுவலைக்குள் கணினி. நாய்க்குப் பல் விளக்கும் விதம் எழுதினோம். வீட்டு முற்றத்தில் உறைந்த பனியை முதுகு வலிக்காமல் மண்வெட்டியால் வழித்தெறியும் முறையையும் எழுதினோம்! பனியை நாம் குளிர்பெட்டியிலன்றி வேறெங்கும் கண்டதில்லை. குளிர்நாட்டில் எவரோ அதை நம்பி மண்வெட்டி எடுத்திருப்பார். ஜான்சன் பட்ட வருத்தத்தைப் பின்னாளில் படித்தபோது நமக்குத் தலை குனிந்தது. எழுதியதைத் திருத்தியவர் யார் என்று நமக்குத் தெரியாது. எழுதியவர் யார் என்று அவருக்கும் தெரியாது. ஒரு நாள் தளம் திறக்கவில்லை. பிரதி வைத்துக்கொள்ளும் புத்தியும் நமக்கு இருக்கவில்லை. இரண்டாண்டு உழைப்பில் வேறோர் ஆசிரியரிடம் காட்ட ஒரு பக்கம் மிஞ்சவில்லை.

நம் நாட்டுச் சட்டத்தையும் தம்பிக்குச் சொன்னோம். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு எழுதுவித்த எழுத்தின் உரிமை, வேறுவகையில் உடன்பாடு இல்லாவிட்டால், எழுதுவித்தவருக்கே மாறியதாகக் கொள்ளப்படும். எனவே பிறர் வகுத்த தலைப்பை எடுப்பதற்கும், தாமே எழுதி அனுப்புவதற்கும் பேதம் உண்டு. கையொப்பமிடுமுன் உடன்படிக்கையில் உரிமை பற்றிய வாசகத்தைத் தேடிப் படிக்க வேண்டும். தவிரவும், 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல், நாம் எழுதிய நாய்ப்பல் கட்டுரை போன்றவற்றை இயந்திரமே நொடியில் எழுதித் தள்ளுகிறது. அந்த வேலைக்கு இனி 15 டாலர் யார் கொடுப்பார்?

இயந்திரத்துக்கும் லண்டன்காரருக்கும் தெரியாதது உமக்கு என்ன தெரியும் என்று தம்பியைக் கேட்டோம். வெகுநேரம் யோசித்து, எலி ஒழிப்புக்காகச் செம்பனைக் காட்டில் பெட்டி வைத்துக் கூகை வளர்ப்பது தெரியும் என்றார். அவர் தகப்பனார் அந்தப் பெட்டிகளை அடித்து மரத்தூணில் ஏற்றியவர். எத்தனை பெட்டியில் கூகை குடிவந்தது, எதில் வரவில்லை என்று தகப்பனார் ஒரு பழைய நோட்டில் குறித்தும் வைத்திருக்கிறார். அதை வைத்துக்கொண்டு ஆயிரம் சொல்லில் ஆங்கிலக் கட்டுரை ஒன்று எழுதினார். இருமுறை திருத்தினோம். ஆசிரியரின் பெயரும் முகவரியும் வெளிப்படையாகப் போட்டிருந்த விவசாயத் தளமொன்றைத் தேடி, முதன்முறை வெளியிடும் உரிமை மட்டுமே கேட்கிறார்கள் என்று உறுதி செய்துகொண்டு, தம் சொந்தப் பெயரிலேயே அனுப்பினார். பிரதி ஒன்று நம் மேசையில் இருக்கிறது.

சென்ற வாரம் மறுமொழி வந்தது. ஏற்றுக்கொண்டோம் என்று சொல்லவில்லை. எத்தனை ஏக்கருக்கு ஒரு பெட்டி, தூணின் உயரம் என்ன, எலிப் பாஷாணம் வைத்த இடங்களில் கூகை இறந்ததுண்டா என்று மூன்று கேள்விகள் கேட்டு, அவர் பெயரைச் சொல்லியே ஆசிரியர் எழுதியிருக்கிறார். மூன்றாவது கேள்விக்கு விடை தேடித் தம்பி தகப்பனாரை அழைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குள் போகிறார்.